40 மைல் எங்கே போயிற்று?

சென்னையிலிருந்து மங்களூருக்கு விமானம் கிளம்புகிறது. நேர் மேற்கே பறக்கிறது. வேலூர் பக்கம் வரும்போது இடது புறச் சன்னல் வழியே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால், தெற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் ஜவ்வாது மலை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் மங்களூர் வந்துவிடும். சாலையில் போனால் சுமார் 700 கிலோ மீட்டர். வான்வழியில் 600 கூட இல்லை.

சாலையை அளப்பது எளிது. பறவை போகும் நேர்வழியை எப்படி அளப்பது? நடுவே மலை நிற்கிறதே!

விமானம் பிறப்பதற்கு 100 ஆண்டுகள் முன்பே அதை அளந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன்.

ஒற்றைக் கண்

லாம்ப்டன் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பட்டாளத்தில் சேர்ந்தார். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததில் ஒரு கண் பழுதாகிவிட்டது.

1799-ல் திப்பு சுல்தானுடன் போர். ஓர் இரவு, வெள்ளையர் படை தெற்கே போவதாக எண்ணி, எதிரி இருந்த வடக்கே போய்க்கொண்டிருந்தது. லாம்ப்டன் நட்சத்திரங்களைப் பார்த்தார். திசை தவறியதைச் சொன்னார். தளபதி நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகே படை திரும்பியது.

போர் முடிந்தது. நாட்டையே அளக்கப் போவதாகச் சொன்னார் லாம்ப்டன். கும்பினியின் பணக்கணக்குக் குழுவில் ஒருவருக்கு இது வீண் செலவாகப் பட்டது. சீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, இதற்கு வரைபடம் எதற்கு என்பது அவர் வாதம்!

57 நாள்

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே அளவை தொடங்கியது. பெரும்பாக்கம் வரை ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, சூட்டையும் அளந்துகொண்டார். இந்த ஏழரை மைலுக்கே 57 நாள் ஆயிற்று!

அதன் பிறகு வழி முழுவதும் தரையில் சங்கிலி போட்டு நடக்கவேண்டிய அவசியம் இல்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணத்தை அளந்தார். குன்று எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது. அங்கிருந்து அடுத்த குன்று. இப்படியே முக்கோணம் முக்கோணமாக மேற்குக் கடல் வரை போனார்.

கிடைத்த விடை எல்லோரையும் திகைக்கவைத்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. உண்மையில் 360 மைல்தான்!

அரை டன் கருவி

கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குப் போயிருப்பார்கள். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சரி செய்தார்.

பிறகு வடக்கே வடக்கே அளந்துகொண்டே போனார். 1823 ஜனவரி 20-ல், நாகபுரிக்குத் தெற்கே ஹிங்கன்காட்டில் உயிர் பிரிந்தது. அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது. அன்றும் அவர் அளவைப் பயணத்தில்தான் இருந்தார். கல்லறையும் அந்த ஊரிலேயே இருக்கிறது.