நோயாளருக்குக் கல்வி தந்த மருத்துவர் ஜாஸ்லின்

பிணிகள் இருதிறத்தன. சில, வந்து வருத்தி மருந்தினால் நீங்கும். அன்றேல் உயிரைக் கொண்டே நீங்கும். வேறு சிலவோ, வந்தபின் மனிதனை விட்டு அகலா. அவன் உண்ணும்போதும் உழைக்கும்போதும் உறங்கும்போதும் உடனிருந்து, அவன் ஆயுளோடு தம் ஆயுளையும் பிணைத்துக்கொள்ளும். முதல் வகைப் பிணிகளை எதிர்த்து வென்ற ஜென்னர், பாஸ்டர் முதலியோரின் புகழை உலகம் நன்கறியும். இரண்டாம் வகைப் பிணியோடு மனிதன் எங்ஙனம் வாழ்வது என்பதைக் கற்பித்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் அமெரிக்க நாட்டு மருத்துவர் எலியட் ஜாஸ்லின். நீரிழிவு நோயாளரின் நலனுக்கென ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உழைத்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1869ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சார்ந்த ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பாதரட்சைத் தொழிற்சாலை நடத்தியவர். ஜாஸ்லின் யேல் கல்லூரியில் 1890இல் பட்டம் பெற்றுப் பின்னர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1895இல் மருத்துவரானார். மாணவராயிருந்த 1893ஆம் ஆண்டிலேயே, தாம் கண்ட நீரிழிவு நோயாளி ஒருவரைப்பற்றிய விவரங்களை ஒரு பேரேட்டில் எழுதத் தொடங்கினார். வணிகர் தம் வரவு செலவை எழுதுமாறு போல, நோயாளியின் வயது, எடை, உணவு, சிறுநீரிற் கண்ட சர்க்கரை ஆகியவற்றை அப்பேரேட்டில் எழுதினார். நோயாளர் பின்னர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தனர், எதனால் இறந்தனர் என்பதையும் விடாது தேடி அறிந்து சேர்த்தார். அன்று தொடங்கிய பேரேடு அவர் வாழ்நாள் முழுவதும் வளர்ந்து, ஆயிரக்கணக்கான மக்களின் கதையைத் தாங்கி நின்றது. மருந்து கொடுத்து அனுப்பிய அளவில் மருத்துவன் கடமை முடிவதில்லை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்பொழுதே வேரூன்றியது போலும்!

1898இல் பாஸ்டன் நகரில் தம் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அவர்தம் அன்னையாரையே நீரிழிவு பற்றியது. புத்தகத்தில் கண்ட நோய் இப்பொழுது வீட்டில் உணவு மேசையின் எதிரே வந்து அமர்ந்தது. அன்னையாரின் உணவை அளந்து, உடற்பயிற்சியை வகுத்து, பல ஆண்டுகள் அவரை நலமுடன் வாழச்செய்தார் மைந்தர்.

அந்நாளில் இந்நோயின் கொடுமை எத்தகையது என்பதை இன்றுள்ளோர் உணர்தல் அரிது. உண்ட உணவிலிருந்து இரத்தத்திற் சேரும் சர்க்கரையை உடல் பயன்படுத்தற்கு, கணையத்திற் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அது சுரவாதொழியின் சர்க்கரை சிறுநீரோடு வீணே கழியும்; உடல் தன் தசையையும் கொழுப்பையும் தானே உருக்கித் தின்னும்; ஈற்றில் நஞ்சேறி நினைவிழந்து உயிர் பிரியும். சிறுவரைப் பற்றின் ஓரிரண்டு ஆண்டுகளில் முடிவு நேர்வதே பெரும்பான்மை. 1914ஐ ஒட்டிப் பிரெடெரிக் ஆலன் என்னும் மருத்துவர், உணவை மிகக் குறைத்து நோயாளரைப் பட்டினியின் எல்லையில் நிறுத்தி ஆயுளை நீட்டும் முறையை வகுத்தார். ஜாஸ்லினும் அம்முறையைக் கைக்கொண்டார். உயிருக்கு உறுதி தராது, பசியை மட்டும் உறுதியாகத் தரும் சிகிச்சை அது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த குழந்தைகளின் படுக்கையருகே நின்று, இன்னும் ஒரு மாதம், இன்னும் ஓர் ஆண்டு என அவர்களை நிறுத்திவைக்க முயன்ற மருத்துவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

1916இல், ஆயிரம் நோயாளரின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு நீரிழிவு சிகிச்சையைப்பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். 1918இல் வெளிவந்த சிறு கைந்நூலோ அதனினும் புதுமை வாய்ந்தது. ஏனெனில், அது மருத்துவருக்கும் நோயாளருக்கும் ஒருங்கே எழுதப்பட்டது. நோயின் இயல்பை நோயாளியிடமிருந்து மறைப்பதே கருணை எனப் பலர் எண்ணிய காலத்தில், அறிவைக் கையிற் கொடுப்பதே கருணை என இவர் கொண்டார்.

1921இல் எழுதிய கட்டுரையொன்றில் இவர் காட்டிய உண்மை சிந்திக்கத்தக்கது. ஒரு சிற்றூரின் வீதியில் அடுத்தடுத்து நின்ற மூன்று வீடுகளில், ஒருவர்பின் ஒருவராகக் குடியேறிய குடும்பத்தலைவர் எழுவர். அவருள் அறுவர் நீரிழிவால் மாண்டனர். ஆயினும் ஊரில் எவ்விதப் பரபரப்பும் இல்லை. அவ்விறப்புகள் தொற்றுநோயால் நேர்ந்திருப்பின் சுகாதார அதிகாரிகள் விரைந்து வந்து காரணத்தை ஆராய்ந்திருப்பர் என்பதை அவர் சுட்டினார். மெல்லக் கொல்லும் நோயும் பொதுமக்களின் கவலைக்குரியதே என்பது அவர் கருத்து.

அவ்வாண்டிலேயே கனடா நாட்டு டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஆகஸ்டு மாதத்தில் ஜாஸ்லின் முதன்முறையாக அதனைத் தம் நோயாளி ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். நெடுநாள் பட்டினிச் சிகிச்சையால் மெலிந்து, வீட்டைவிட்டு வெளியேறவும் வலியின்றிக் கிடந்த செவிலிப் பெண் அவர். சில வாரங்களில் அப்பெண் எழுந்து நடமாடினார். இறந்தோர் எழுந்ததை ஒத்த அக்காட்சி பல ஆஸ்பத்திரிகளிலும் அக்காலத்தே நிகழ்ந்தது.

நிற்க. பலர் இத்துடன் நீரிழிவின் கதை முடிந்ததென மகிழ்ந்தனர். ஜாஸ்லினோ, உண்மையான வேலை இனிமேற்றான் தொடங்குகிறது என்று கண்டார். இன்சுலின் நோயைத் தீர்ப்பதன்று. நாளைய உயிரை மட்டும் இன்று காப்பது. முன்னர் இரண்டாண்டில் மடிந்தவர் இப்பொழுது இருபதாண்டு வாழ்வர். அந்நெடுங்காலத்தில் கண் மங்கும், சிறுநீரகம் பழுதுறும், கால் அழுகும், இருதயம் தளரும். அவற்றைத் தடுப்பதெங்ஙனம்?

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், மருத்துவத்திற்கு நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்கு உறுப்புக் கூறுவர். உலகம் நெடுங்காலம் இடைநின்ற இரண்டினையே போற்றி வந்தது. முதலும் ஈறுமாகிய நோயாளியையும் உதவுவோனையும் மருத்துவத்தின் நடுவிடத்திற்குக் கொணர்ந்ததே ஜாஸ்லினின் அருஞ்செயல். மெதடிஸ்டு திருச்சபைத் தொண்டுப் பெண்டிர் 1896இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் அவர்தம் நோயாளர் தங்கினர். அவ்வாஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடமாயிற்று. உணவைத் தராசில் நிறுத்தல், இன்சுலினை அளந்து தாமே ஊசியிடல், சிறுநீரை நீலநிறத் திரவத்தோடு காய்ச்சிச் சோதித்தல் முதலியவற்றை நோயாளர் நாள்தோறும் பயின்றனர். நீலம் மாறாதிருப்பின் சர்க்கரை இல்லை. பச்சையும் மஞ்சளும் கடந்து செங்கல் நிறம் அடையின் சர்க்கரை மிகுதி. எழுத்தறிந்தாரும் அறியாதாரும் கண்ணாற் கண்டு தெளியத்தக்க பாடம் அன்றோ இது! உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரு தேரிற் பூட்டிய மூன்று குதிரைகளுக்கு அவர் ஒப்பிடுவார். தேரைச் செலுத்துவோன் நோயாளியே.

பயிற்சி பெற்ற செவிலியரை நோயாளரின் இல்லங்களுக்கு அனுப்பி, ஆஸ்பத்திரியிற் கற்றது அடுப்படியிலும் நிலைக்கிறதா என்று காணச்செய்தார். கால்களை நாள்தோறும் கழுவித் துடைத்து, சிறு புண்ணையும் புறக்கணியாது பார்க்கக் கற்பித்தார். அதனால் வெட்டப்படாது தப்பிய கால்கள் பல. அறுவை மருத்துவர், உணவு வல்லுநர், செவிலியர் அனைவரும் ஒரே நோயாளியைச் சூழ்ந்து ஒரே திட்டப்படி உழைத்தனர். 1924இல் அவரோடு சேர்ந்த பிரிஸில்லா ஒயிட் அம்மையார், நீரிழிவுற்ற சிறுவரையும் கருவுற்ற தாய்மாரையும் காக்கும் பொறுப்பேற்றார். அத்தாய்மாரின் குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதியே பிழைத்த நிலை மாறி, அம்மையார் 1974இல் ஓய்வு பெற்றபோது பத்தில் ஒன்பது பிழைத்தன. 1932இல் சிறுமியர்க்கும் 1948இல் சிறுவர்க்கும் கோடை முகாம்கள் தோன்றின. வீட்டில் தனித்து ஊசியிட்டுக்கொண்ட பிள்ளை, தன்னை ஒத்த பலரோடு ஓடி விளையாடி, தான் ஒருவன் மட்டும் தண்டிக்கப்பட்டவன் அல்லன் என்று உணர்ந்தது.

1946-47இல் அவர் பிறந்த ஆக்ஸ்போர்டில் அரசாங்கச் சுகாதாரத் துறையினர் 3,516 பேரைச் சோதித்தனர். நீரிழிவு உடையோர் 70 பேர். அவருள் 40 பேரே தம் நோயை முன்னர் அறிந்தவர். 30 பேர் அறியாதவர். அறிந்த நால்வர்க்கு அறியாதார் மூவர் என்னும் இக்கணக்கு, அவர் நெடுங்காலம் கூறிவந்ததை மெய்ப்பித்தது.

எனினும் அவர் கொள்கையை எல்லோரும் ஏற்றனர் என்று கூறற்கில்லை. இரத்தச் சர்க்கரையை இடையறாது கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படும் என்பது அவர் துணிபு. நோயாளி நலமாக உணரும்வரை அத்துணைக் கடுமை வேண்டா, விரும்பியதை உண்ணலாம் என்று மறுத்தோரும் பலர். ஜாஸ்லினின் கண்டிப்பில் ஒரு குறையும் உண்டு. விதிகளைப் பிழையாது காத்தும் பார்வை இழந்தார் சிலர். அவர்கள் நோயின் துன்பத்தோடு, தம் தவற்றால் நேர்ந்ததோ என்னும் துன்பத்தையும் சுமந்தனர். கற்பிக்கும் ஆசிரியர் தண்டிக்கும் நீதிபதியாகவும் தோன்றுதல் எளிது. ஆயினும் நீரிழிவோடு நெடுங்காலம் வாழ்ந்தோருக்குப் பதக்கம் சூட்டிப் பாராட்டியவரும் அவரே. போர்க்களத்து வீரருக்குரிய சிறப்பைச் சமையலறையிலும் அன்றாட வாழ்விலும் போராடிய எளியோர்க்கு அளித்தார்.

பாஸ்டனில் அவர் பெயரால் அமைந்த மருத்துவ நிலையத்தின் புதுக்கட்டடம் 1956இல் திறக்கப்பட்டது. முதுமையிலும் நோயாளரைக் காண்பதை விடாத அவர், 1962ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தம் 92ஆம் வயதில் காலமானார். அவர் துணிபு சரியா தவறா என்னும் வழக்கிற்கு 1993இல் முடிவு கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளரிடம் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோருக்குக் கண்ணோய் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தமை புலனாயிற்று. அதனைக் காண அவர் இருந்திலர்.

நீரிழிவு எட்டாத ஊர் இன்று உலகில் அரிது. இரத்தச் சோதனைக் கருவிகளும் புதுமருந்துகளும் பெருகியுள்ளன. ஆனால், அவற்றைப் பயன்படுத்தும் முறையைப் பொறுமையோடு உட்கார்ந்து சொல்லித் தருவோர் இல்லாவிடின், எளியவன் கையில் அவை பயன்படா. ஆதலின் மாணவ நண்பர்களே, மருத்துவராகப் போவோர் மட்டுமே ஜாஸ்லினிடம் கற்கவேண்டும் என்று எண்ணற்க. நம் இல்லத்திலோ அண்டையிலோ நீங்காப் பிணியுற்ற முதியவர் ஒருவர் இருப்பின், அவர்தம் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டி, உணவை விளக்கி, கால்களைப் பார்த்துக்கொள்ள நினைவூட்டுவது கற்ற நமக்கு அரிதன்று. அக்கடமையை இன்றே மேற்கொள்வோமாக.