ஹோல்கர் அணியும் கர்னல் நாயுடுவும்

மாலை வேளைகளில் திருவண்ணாமலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களின் சட்டைகளைக் கவனிப்பது என் வழக்கம். முதுகில் ஒரு ஜவுளிக்கடையின் பெயரோ நகைக்கடையின் பெயரோ இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் கடைக்காரரின் ஆர்வம் குறைந்துவிடும். அணியும் காணாமல் போய்விடும். ஆட்டக்காரர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். பொருளியல் கற்பித்தவன் என்பதாலோ என்னவோ, அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹோல்கர் அணியும் சி.கே. நாயுடுவும் நினைவுக்கு வருவார்கள்.

சென்னை மாநில அணி முதன்முதலாக ரஞ்சி கோப்பையை வென்றது 1954-55இல். பாலு அழகனன் தலைமையில் இந்தூருக்கே சென்று 46 ஓட்டங்களில் வென்றார்கள். தோற்ற அணியின் பெயர் ஹோல்கர். அதன்பின் அப்பெயரில் ஓர் அணி ரஞ்சியில் ஆடவே இல்லை. 1941-42இல் தொடங்கி பதினான்கு பருவங்களே நீடித்த அந்த அணி, கடைசிப் பதினோரு பருவங்களில் பத்து முறை இறுதிப் போட்டியை எட்டி, நான்கு முறை கோப்பையை வென்றிருந்தது.

கொட்டாரி கனகய்யா நாயுடு 1895 அக்டோபர் 31 அன்று நாகபுரியில் பிறந்தார். அங்கு குடியேறிய தெலுங்குக் குடும்பம். 1926 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் எம்.சி.சி. அணிக்கு எதிராக அவர் எடுத்த 153 ஓட்டங்களும், அதில் அடித்த 11 சிக்ஸர்களும், இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதி உண்டு என்பதற்குச் சான்றாகப் பேசப்பட்டன. 1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தனது முதல் டெஸ்டில் இறங்கியபோது அணித்தலைவர் அவரே. சுற்றுப்பயணத்தின் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தவர் போர்பந்தர் மகாராஜா. தம் ஆட்டத்தின் அளவை அறிந்து அவர் ஒதுங்கிக்கொண்டதால் வந்த பதவி அது. கையில் காயத்துடன் ஆடி முதல் இன்னிங்ஸில் நாயுடு எடுத்த 40தான் அணியின் அதிகபட்ச ஓட்டம். அப்போது அவருக்கு வயது 36. மொத்தம் ஏழு டெஸ்ட்களே ஆடினார்.

எல்லாச் சமஸ்தானத்தாருக்கும் போர்பந்தர் மன்னரின் அடக்கம் இருக்கவில்லை. 1936இல் இங்கிலாந்து சென்ற அணிக்கு விஜயநகரம் மகாராஜகுமார் தலைமை வகித்தார். மூன்று டெஸ்ட்களிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ஓட்டங்கள். அவருக்குக் கீழே நாயுடு ஆட நேர்ந்தது. பணமும் பட்டமும் உள்ளவரிடம் திறமை கைகட்டி நிற்க வேண்டிய காலம்.

ஆனால் நாயுடுவின் சோற்றுக்கும் வழி ஒரு சமஸ்தானத்திலிருந்துதான் வந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 1923இல் இந்தூர் மன்னர் துக்கோஜி ராவ் ஹோல்கர் அவரைத் தம் படையில் கேப்டனாகச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் அவர் கர்னல் ஆனார். அக்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு ஊதியம் கிடையாது. இராணுவப் பதவி என்ற பெயரில் மன்னர் தருவதே பிழைப்பு. பஞ்சாலைகள் நிறைந்த இந்தூரில் இப்படித்தான் பெரும் வீரர்கள் ஒன்றுகூடினர். உள்ளூர்க்காரரான முஷ்டாக் அலி, வெளியிலிருந்து வந்த சந்து சர்வதே, நிம்பால்கர், நாயுடுவின் தம்பி சி.எஸ். எனப் பட்டியல் நீளும்.

பணம் ஆட்களைச் சேர்க்கும். அணியாக்குவது வேறு வேலை. அதைச் செய்தவர் நாயுடு. உடல் தகுதியிலும் ஒழுங்கிலும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. 1944-45 இறுதிப் போட்டியில் பம்பாய் 867 ஓட்டங்களை இலக்காக வைத்தது. போர்ப் பணிக்காக அருகிலுள்ள மாவ் முகாமில் இருந்த இங்கிலாந்து வீரர் டெனிஸ் காம்ப்டன் ஹோல்கருக்காக ஆட்டமிழக்காமல் 249 எடுத்தும் தோல்வியே கிட்டியது. தம்பி சி.எஸ். அந்த ஒரே ஆட்டத்தில் 917 பந்துகள் வீசியிருந்தார்! மறு பருவத்திலேயே மைசூருக்கு எதிராக 8 விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள். ஆறு பேர் சதமடித்தனர்; அவர்களில் ஐம்பது வயது நாயுடுவும் ஒருவர். அந்தப் பருவத்தில் கோப்பையும் வந்தது. ஐம்பத்தாறாம் வயதில் பட்கரின் பந்து வாயில் பட்டுப் பற்கள் உடைந்தபோதும் அவர் களத்தைவிட்டு வெளியேறவில்லை.

இதற்கிடையே நாடு விடுதலை பெற்றது. 1948இல் இந்தூர் சமஸ்தானம் மத்திய பாரதத்துடன் இணைந்தது. அரசு போன பிறகும் அணியின் பெயர் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பிறகு மத்திய பாரதம், 1956க்குப் பின் மத்தியப் பிரதேசம் என்று மாறியது. மன்னராட்சி போனதில் எனக்கு வருத்தமில்லை, போக வேண்டியதுதான். ஆட்டக்காரரின் பிழைப்புக்கு அதன் இடத்தில் உடனே வேறொன்றும் ஏற்படவில்லை என்பதுதான் என் குறை. பின்னாளில் வங்கிகளும் ரயில்வேயும் ஓரளவு அந்த இடத்தை நிரப்பின.

1956இல் பத்ம பூஷண் பெற்ற நாயுடு, அதே ஆண்டின் ரஞ்சி பருவத்தில் அறுபத்தொரு வயதில் உத்தரப் பிரதேசத்துக்காக மட்டையுடன் இறங்கினார். 1967 நவம்பர் 14 அன்று இந்தூரிலேயே காலமானார். மத்தியப் பிரதேசம் 2022இல் மும்பையை வீழ்த்தி ரஞ்சி கோப்பையை வென்றது. முதல் வெற்றி என்று செய்தித்தாள்கள் எழுதின. என் கணக்கில் அது இந்தூரின் ஐந்தாவது.