மெச்னிகோவ்: முள்ளும் தயிரும்

1869இல் லுட்மிலா என்னும் மணமகள் நாற்காலியில் அமர்த்தப்பெற்றுத் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்; நோயால் நடக்க வலுவில்லை. 1873இல் மதீரா தீவில் காசநோய் அவரைக் கொண்டு சென்றது. துயர் தாளாது மார்பினை அளவுமீறி உட்கொண்டும் உயிர்பிழைத்த கணவரே இலியா மெச்னிகோவ். 1845இல் உருசியப் பேரரசின் கார்கிவ் பகுதியில் (இன்றைய உக்ரைன்) பிறந்தவர்.

1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடியொத்த இளவுயிரியில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளை உயிரணுக்கள் சூழ்ந்து நின்றன. அழற்சி வெறும் கேடன்று, உடலின் தற்காப்பே எனத் தெளிந்தார். காசக் கிருமியை நுரையீரலில் முதலில் எதிர்கொள்வனவும் இத்தகைய விழுங்கணுக்களே என்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் கனக்கிறது. 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றுங்கால், பல்கேரியத் தயிரின் நுண்ணுயிர்கள் குடல் நச்சை அடக்கி முதுமையைத் தள்ளிப்போடும் என்றார். தாமும் புளித்த பாலை வழக்கமாக அருந்தினார். 1916இல் 71ஆம் அகவையில் இதய நோயால் மறைந்தார். அத்தயிர்க் கிருமி குடலில் நிலைத்துத் தங்குவதில்லை எனப் பின்னர்த் தெரிந்தது. இதில் அவர் அவசரப்பட்டார் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், குடல் நுண்ணுயிர்கள் நார்ச்சத்திலிருந்து ஆக்கும் குறுங்கொழுப்பமிலங்கள் சுண்டெலிகளின் நுரையீரல் அழற்சியைத் தணிப்பதை 2014இல் ஆய்வாளர் கண்டனர். மனிதரிடத்தில், நலம் தரும் நுண்ணுயிர்கள் சளி போன்ற மேல் சுவாசத் தொற்றுகளைச் சற்றே குறைக்கக்கூடும் என்கின்றன சோதனைகள். சான்று இன்னும் வலுப்பெறவில்லை. லுட்மிலாவைக் கொன்ற காசத்துக்கோ தயிர் மருந்தாகாது.