லூக்ரீஷியஸை எதிர்த்த கார்டினல்

கிறிஸ்துவுக்குச் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிக் கவி லூக்ரீஷியஸ், உலகம் அணுக்களின் சேர்க்கையேயன்றித் தேவர்களின் படைப்பன்று என்றும், ஆன்மாவும் உடலோடு அழிவதே என்றும் லத்தீன் பாவில் பாடிவைத்தான். அதனை அதே மொழியில், பாட்டாலேயே மறுக்க முற்பட்டு அரை ஆயுளைச் செலவிட்டவர் கார்டினல் மெல்ஷியோர் த பொலின்யாக். அவருடைய தொழிலோ ராஜதந்திரம்.

1661ஆம் ஆண்டு பிரான்ஸில் லெ புய் நகரில் பழம்பெரும் பிரபு வம்சத்தில் பிறந்தார். மாணவராயிருந்தபோதே அரிஸ்டாட்டிலின் கட்சியையும் டெக்கார்ட்டின் கட்சியையும் அடுத்தடுத்து ஆதரித்து வாதாடினார் என்பர். அந்த வாக்குவன்மையே அவரை 1693இல் போலந்துக்குப் பதினான்காம் லூயியின் ஸ்தானாபதியாக்கிற்று. ஸொபியெஸ்கி மன்னர் 1696இல் இறந்தார். அந்நாட்டில் அரசரைப் பிரபுக்களே தேர்ந்தெடுப்பர். பொலின்யாக் பொன்னையும் வாக்குறுதியையும் வாரி இறைத்து, 1697இல் கோந்தி இளவரசருக்குப் பெரும்பான்மை திரட்டினார். இளவரசர் தாமதித்து வந்து சேர்வதற்குள் ஸாக்ஸனி அதிபர் ஆகஸ்டஸ் முடி சூடிக்கொண்டார். வென்றவரும் பொன்னை வீசியவரே; போலந்து மக்களுக்கு இதில் லாபம் யாது?

பழி முழுவதும் ஸ்தானாபதியின் தலையில் விழுந்தது. போன்போர் மடத்திற்குச் சென்று ஒதுங்கியிருக்குமாறு அரசர் கட்டளையிட்டார். திரும்பும் வழியில் ஹாலந்தில் பியேர் பேல் என்ற ஐயவாதியைச் சந்தித்திருந்தார். பேல் வாய்க்கு வாய் லூக்ரீஷியஸையே துணைக்கழைத்தார். அந்த விவாதத்தின் விடைதான் மடத்துத் தனிமையில் தொடங்கிய 'எதிர் லூக்ரீஷியஸ்' காவியம்.

அரசரின் கோபம் தணிந்தது. 1704இல் பொஸ்ஸுவே வகித்த இடம் பிரெஞ்சு அகாடமியில் அவருக்குக் கிடைத்தது. 1712இல் யூட்ரெக்ட் சமாதான மகாநாட்டுக்குச் சென்றார். அங்கே ஒரு விசித்திரம். நாடிழந்த ஸ்டூவர்ட் இளவரசரின் சிபாரிசால் கார்டினல் பதவி வந்தது. அவ்விளவரசரை விலக்கிவைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திடாமலே அவர் விலகினார். நன்றி மறவாத இச்செயல் பாராட்டத்தக்கது. பின்பு 1718இல் ஸெல்லமாரே சதியில் சம்பந்தப்பட்டு மறுபடியும் ஒரு மடத்திற்கு அனுப்பப்பட்டார். 1724 முதல் 1732 வரை ரோமாபுரியில் பிரான்ஸின் பிரதிநிதியாயிருந்தார். அங்கே புதைபொருள்களைத் தோண்டியெடுப்பதில் அளவற்ற மோகம் கொண்டார். டைபர் நதியையே திருப்பிவிட்டு அதன் அடியைத் துழாவ எண்ணினாராம்.

எங்கு சென்றாலும் காவியம் உடன் சென்றது. திருத்தித் திருத்தி முடிக்காமலே வைத்தார். பகுதிகளைக் கேட்ட அரண்மனைகள் வியந்தன. ஆனால் அவர் நம்பியது டெக்கார்ட்டின் சுழல்களை. வெற்றிடமும் அணுவும் நாஸ்திகத்தின் வேர்கள் என்று கருதியதால், நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையையும் சேர்த்துத் தாக்கினார். இங்கேதான் அவர் சறுக்கினார். தெய்வபக்தி மிகுந்த நியூட்டனை லூக்ரீஷியஸின் பக்கம் நிறுத்தியது நியாயமன்று. 1736இல் லாப்லாந்து சென்ற மோபெர்த்துயி குழுவினர் பூமி துருவங்களில் தட்டையானதென அளந்து காட்டிய பின், பிரான்ஸிலேயே சுழல்களின் செல்வாக்குச் சரிந்தது.

எண்பதாண்டு வாழ்ந்து பாரிஸில் காலமானார். அவர் சேர்த்த சிலைகளை 1742இல் பிரஷ்ய மன்னர் பிரடெரிக் வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் பிரதிகளைப் பெற்றிருந்த ரொத்தலின் பாதிரியாரும் 1744இல் மறைய, பேராசிரியர் ஷார்ல் லெ போ சீர்ப்படுத்தி 1747இல் ஒன்பது காண்டங்களாக அச்சேற்றினார். லத்தீன் அறியாத தேசமக்கள் அதனைப் படிக்க இரண்டாண்டு காத்திருந்தனர். 1749இல் பிரெஞ்சில் பெயர்த்தவர், பின்னர் உலகைக் கடல்வழிச் சுற்றிய பூகேன்வில்லின் மூத்த சகோதரர்.