தண்ணீருக்கு வயசு சொல்லும் 'சோம்பேறி' வாயு: பெங்களூருவைக் கைகாட்டிய வில்லியம் ராம்சேயின் கதை

தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் ஒரு போர்வெல்லில் தண்ணீர் வருதுன்னு வெச்சுக்கோங்க. அது போன வருஷத்து மழையா, இல்ல நம்ம தாத்தா பாட்டி பிறப்பதற்கு முன்னாடி பெய்த மழையா? பார்த்தாலும் தெரியாது, குடிச்சாலும் தெரியாது. ஆனா அந்தத் தண்ணீரில் கரைஞ்சிருக்கும் வாயுக்களைச் சோதித்தால் தெரியும். அந்த வாயுக்களை உலகத்துக்குக் காட்டியவர் சர் வில்லியம் ராம்சே.

யார் இந்த ராம்சே?

1852 அக்டோபர் 2-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1887-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியல் பேராசிரியர் ஆனார்.

காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், ரசாயன முறையில் தயாரித்த நைட்ரஜனைவிட கொஞ்சம் கனமா இருந்தது. ஏன்னு புரியாமல் லார்டு ரேலி குழம்பினார். அந்தச் சின்ன வித்தியாசத்தை ராம்சேயும் பிடித்துக்கொண்டார். 1894-ல் இருவரும் சேர்ந்து ஆர்கானை அறிவித்தார்கள். எதனுடனும் சேராததால், கிரேக்க மொழியில் சோம்பேறி என்று அர்த்தம் வரும் பெயர். 1898-ல் மாரிஸ் டிராவர்ஸுடன் சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் என வரிசையாக மூன்று வாயுக்களைக் கண்டுபிடித்தார்.

இந்தியாவுக்கு எதற்கு வந்தார்?

ஜாம்ஷெட்ஜி டாடா திட்டமிட்ட ஆராய்ச்சி நிறுவனத்தை எங்கே அமைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல, 1900-ல் ராம்சே இந்தியா வந்தார். பல ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன இடம் பெங்களூரு. அங்கே 1909-ல் உருவானதுதான் இந்திய அறிவியல் கழகம். முதல் இயக்குநர் அதே டிராவர்ஸ்! 1904-ல் ராம்சேவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வயசு எப்படி தெரியும்?

மழைநீர் காற்றிலிருக்கும் கிரிப்டானைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அதில் மிக மிகச் சிறிய பங்கு கிரிப்டான்-81 என்ற கதிரியக்க அணு. நிலத்தடிக்குப் போனதும் காற்றோடு தொடர்பு அறுந்துவிடும். புதுசா வரவு கிடையாது, இருப்பது மட்டும் சிதைந்துகொண்டே போகும். சுமார் 2.3 லட்சம் வருஷத்தில் பாதி காலி. மிச்சத்தை எண்ணினால் வயசு கிடைத்துவிடும்.

கார்பன்-14 வைத்தும் கணக்கிடலாம். ஆனா சுண்ணாம்புப் பாறையில் இருக்கும் பழைய கார்பன் கலந்து கணக்கைக் குழப்பும். கிரிப்டான் பாறையுடன் சேராது. அந்தச் சோம்பேறித்தனம்தான் இங்கே பலம்.

சில நூறு வருஷத் தண்ணீருக்கு ஆர்கான்-39. சில பத்து வருஷத் தண்ணீருக்கு கிரிப்டான்-85. இது அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும்போது காற்றில் கலப்பது.

ராம்சே பார்க்காத பலன்

1916 ஜூலை 23-ல் புற்றுநோயால் ராம்சே இறந்தார். காற்றில் கிரிப்டான்-81 இருப்பது தெரிந்ததே 1969-ல்தான். ஒற்றை அணுக்களை லேசரில் பிடித்து எண்ணும் முறை 1999-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் வந்தது. 2004-ல் வெளியான ஆய்வு, எகிப்து பாலைவனத்தின் நிலத்தடி நீருக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் வருஷம் வரை வயசு என்றது. முன்பு ஒரு சோதனைக்கே டன் கணக்கில் தண்ணீர் வேண்டும். இப்போ ஒரு கேன் போதும்.

நமக்கு ஏன் முக்கியம்?

தண்ணீர் இளசு என்றால், மழை பெய்தால் நிலத்தடி மறுபடி நிரம்பும். குளத்தைத் தூர்வாரினால் பலன் உண்டு. பழசு என்றால், அது முன்னோர் சேர்த்த சேமிப்பு. எடுத்தால் நம் ஆயுளில் திரும்ப நிரம்பாது. கடன் வாங்கி அடுத்த போர் போடும் விவசாயிக்கு இதுதான் தெரிய வேண்டிய விஷயம்.