ரஹீம் வாத்தியார்

இந்தியா கேட்டுக்கு அருகிலுள்ள நேஷனல் ஸ்டேடியத்தை நம்மில் பலர் பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்போம். 1951 மார்ச்சில், முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், அங்கேதான் நம் கால்பந்து அணி ஈரானை 1–0 என்று வென்று தங்கம் பெற்றது. அவ்வணியைப் பழக்கியவர் சையது அப்துல் ரஹீம்.

1909-இல் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் பயின்ற அவர், தொழிலால் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் பயிற்சியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது.

இடையில் ஒரு பேரிடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றோம். நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. வேறொருவரானால் அத்துடன் ஒதுங்கியிருப்பார். ரஹீம் ஒதுங்கவில்லை. 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வீழ்த்தி, நம் அணி அரையிறுதியை எட்டி நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அதற்குமேல் நாம் ஏறியதில்லை.

1962-இல் ஜகார்த்தாவுக்குச் சென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. பிறகு தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. ரஹீம் அவரை உட்கார வைக்காமல் முன்வரிசைக்கு அனுப்பினார். துணிச்சல்தான், ஆயினும் தையல் போட்ட தலையுடன் ஒருவரை ஆடவிட்டது எனக்கு முழுதும் ஒப்பவில்லை. செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா. கூட்டமோ நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார், பி. கே. பானர்ஜியும் அதே ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டனர். 2–1, தங்கம்!

அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் காலமானார். வயது 53.