அடிகளாருக்கு நாம் பட்ட கடன்

விழா மேடைகளில் சுவாமி விபுலானந்தரை யாழ் நூல் ஆசிரியராகவே நாம் போற்றி வருகிறோம். விஞ்ஞான வினாத்தாளுக்குத் தமிழில் விடையெழுதிய மாணவியராகிய நமக்கு அவரிடம் இன்னொரு கடனும் உண்டு.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி கற்றார். 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒரே ஆண்டிலே பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1924இல் துறவு பூண்டார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

அக்காலத்தில் மேல்வகுப்பு விஞ்ஞானம் முழுவதும் ஆங்கிலமே. வைத்தியர் கிறீன் முந்திய நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவ நூல்கள் ஆக்கியிருந்தார். ஆனாலும் எல்லோரும் ஒப்பிய பொதுச் சொற்கள் இல்லை. ஒரு பரிசோதனையைப் பிள்ளை தன் மொழியில் எழுதிக் காட்டுவதெப்படி? 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளாரே தலைமை தாங்கினார். பண்டிதருக்கு இரசாயனம் தெரியாது, விஞ்ஞானிக்கு இலக்கணம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் இவர். அங்கு திரட்டிய சொற்கள் பின்னர் நூலாயின. இரசாயன விடைத்தாளில் கை தடுமாறாமல் எழுதியபோது இதெல்லாம் நமக்கு எங்கே தெரிந்தது!

அண்ணாமலையிலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். யாழ் நூல் அரங்கேறி இரண்டு மாதம் ஆகுமுன், 1947 யூலை 19இல் மறைந்தார். உயர்வகுப்புகளில் விஞ்ஞானம் தமிழில் வந்ததை அவர் காணவில்லை.